கடைமடைக்கு வந்த அலை

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873-இல் கட்டி முடிந்தது. தாமிரபரணித் தண்ணீர் அங்கே வடகால், தென்கால் என்று இரண்டாகப் பிரிகிறது. வடகால் வழியே கிழக்கே வரவர விவசாயிகளின் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி விழும்: கடைமடை. தலைமடை வயலுக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர். கடைமடைக்காரருக்கு மேலே உள்ளவர்கள் விட்டது போக மிச்சம். சாயர்புரத்தைச் சுற்றிப் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவதும் ஒரு கடைமடையின் கதைதான். அதில் ஓடியது தண்ணீர் அல்ல. செம்புக் கம்பியில் ஓடிய அலை.

போன வாரம் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுத்தியிருந்தோம். 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்கென்று வடிவமைத்த 128 முனை எக்ஸ்சேஞ்ச் 1986-இல் அங்கேதான் முதலில் இயங்கியது. குளிர்சாதன அறை வேண்டாம், சாதாரணக் கட்டடத்தில் ஒரு மூலை போதும் என்பதே அதன் பெருமை. அந்தக் குடும்பத்துப் பெட்டிகள் பின்னாளில் நாட்டின் சிற்றூர்களுக்கெல்லாம் போயின. மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துகளும், வீட்டு நடுக்கூடத்தில் பூத்துணி போர்த்திய தொலைபேசியும் அதன் பின்னால் வந்தவை. அதே எக்ஸ்சேஞ்ச் அறைகளில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, இன்னொரு பெட்டி வந்து உட்கார்ந்தது. தொலைபேசித் துறையினர் அதை 'டிஸ்லாம்' என்றார்கள். பல சந்தாதாரர்களின் கம்பிகளை ஓரிடத்தில் வாங்கி, அவற்றில் வரும் இணையத் தரவை ஒரே பெருவழியில் ஏற்றிவிடும் கருவி அது. ஊர் மக்கள் அதன் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அது வந்த பிறகு வீட்டு மோடத்தில் எரிந்த பச்சை விளக்கைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டி எதன்மேல் சவாரி செய்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு தொலைபேசி என்றால் இரண்டு செம்புக் கம்பிகள், ஒரு ஜோடி. எக்ஸ்சேஞ்சுக்குள் எம்.டி.எஃப். என்னும் பெரிய இரும்புச் சட்டத்தில் அந்த ஜோடி கிளம்பும். பல ஜோடிகளைக் கட்டிய நிலத்தடிக் கேபிளுக்குள் நுழைந்து தெருமுனைப் பில்லருக்கு வரும். அங்கிருந்து சிறிய கேபிளில் டி.பி. பெட்டிக்கு, அங்கிருந்து டிராப் ஒயராகக் கம்பத்தில் தொங்கி வீட்டுக்கு. இவ்வளவும் மனிதக் குரலுக்காகப் போடப்பட்டவை. விநாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வு வரை கடத்தினால் பேச்சு புரியும், அதற்கு மேல் தேவையில்லை என்று உலகத் தொலைபேசிப் பொறியாளர்கள் முடிவு செய்திருந்தார்கள். தூரத்து வீடுகளுக்குக் குரல் மங்காமல் போக, 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் மைக்கேல் பூப்பின் வடிவமைத்த லோடிங் காயில்களைக் கம்பியின் இடையிடையே செருகும் வழக்கமும் உண்டு. அது குரலைத் தூக்கிவிடும். அதற்கு மேலான அதிர்வுகளை அடியோடு தடுத்துவிடும். ஒரு நூற்றாண்டு நல்லது செய்த அந்தக் காயிலைக் கழற்றினால்தான் அந்தக் கம்பியில் பிராட்பேண்ட் ஓடும் என்ற நிலை பிறகு வந்தது.

குரல் போக மேலே இருந்த இடம் எல்லாம் நூறாண்டுக் காலம் தரிசாகக் கிடந்தது. அந்தத் தரிசில் பயிர் வைக்கலாம் என்று சொன்னவர்களில் ஒருவரை இங்கே நினைத்தாக வேண்டும். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த ஜோசப் லெக்லைடர். 1980-களில் அவர் கண்டுகொண்ட உண்மை நம் ஊர்த் தொலைபேசிக்காரர்களுக்கும் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறது: கிராஸ் டாக். நாம் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ இரண்டு பேர் கல்யாணச் செலவைப் பற்றிப் பேசுவது நடுவில் கேட்குமே, அதுதான். ஒரே கேபிளில் ஒட்டிக் கிடக்கும் ஜோடிகள் ஒன்றன் அலையை மற்றொன்று ஒட்டுக்கேட்கின்றன.

இப்போது எக்ஸ்சேஞ்சின் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீடுகளிலிருந்து வரும் அலைகள் கிலோமீட்டர் கணக்கில் நடந்து களைத்து அங்கே வந்து சேர்கின்றன. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுகளுக்குப் புறப்படும் அலைகளோ அதே இடத்தில் முழுப் பலத்தோடு கிளம்புகின்றன. இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால், வருகிற மெல்லிய குரல் போகிற கூச்சலில் அமிழ்ந்துவிடும். லெக்லைடர் சொன்ன வழி எளிமையானது. இரு திசைக்கும் சமமாகக் கொடுக்காதீர்கள். தனித்தனிப் பாதை கொடுங்கள். வீட்டுக்குப் போவதற்குப் பெரிய பாதை, வீட்டிலிருந்து வருவதற்குச் சிறிய பாதை. அனுப்புவதைவிட வாங்குவதே வீட்டுக்காரருக்கு அதிகம் என்பதால் இந்தச் சமமின்மை யாரையும் உறுத்தவில்லை. இப்படிப் பிறந்த முறைக்கு வந்த ஏ.டி.எஸ்.எல். என்ற பெயரின் முதல் எழுத்து இந்தச் சமமின்மையைத்தான் குறிக்கிறது.

அந்தப் பாதைகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு விடை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சியோஃபியிடமிருந்து வந்தது. முழு அகலத்தையும் 256 சிறு வாய்க்கால்களாக வெட்டினார். ஒவ்வொன்றும் சற்றேறக்குறைய 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலம். மோடமும் டிஸ்லாமும் முதலில் ஒவ்வொரு வாய்க்காலையும் சோதித்துப் பார்க்கும். சுத்தமான வாய்க்காலில் நிறைய ஏற்றும். இரைச்சலான வாய்க்காலில் கொஞ்சம். அடைபட்டதை அப்படியே விட்டுவிடும். 1993-இல் பெல்கோர் நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில் இந்த முறை மற்ற முறைகளை வென்றது. 1999-இல் உலகத் தர விதியாயிற்று. வீட்டை நோக்கி விநாடிக்கு 8 மெகாபிட் வரை. 2003-இல் வந்த அடுத்த விதி அகலத்தை இரட்டிப்பாக்கி 24 மெகாபிட் வரை கொண்டுபோனது.

நம் கரைக்கே உரிய ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். தூத்துக்குடி வானொலி நிலையத்தின் 1053 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு 200 கிலோவாட் திறன் கொண்டது. கடல் தாண்டி இலங்கைத் தமிழர் வீடுகளில் கேட்பதற்காக அமைந்தது. முதல் ஏ.டி.எஸ்.எல். விதியின் எல்லை 1,104 கிலோஹெர்ட்ஸ். ஆக, வானொலியின் அலை விழும் இடம் இந்த 256 வாய்க்கால்களுக்குள்ளேயே இருக்கிறது. கணக்குப் போட்டால் 244-ஆவது வாய்க்கால். கம்பத்தில் தொங்கும் டிராப் ஒயர் ஒரு வானொலி ஏரியலைப்போல அந்த அலையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். பழைய முறைகளில் ஒன்றாக இருந்தால் மொத்த இணைப்பும் தடுமாறும். சியோஃபியின் முறையில் அந்த ஒரு வாய்க்காலும் அதன் பக்கத்தில் உள்ள சிலவும் மட்டும் மூடிக்கொள்ளும், மீதி ஓடும். கலிபோர்னியாவில் கணக்குப் போட்டவருக்குத் தூத்துக்குடி வானொலி தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கணக்கில் அதற்கும் இடம் இருந்தது.

சென்னையின் பங்கை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது தவறு. 1990-களில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் அமைத்த டெனெட் குழு, ஓர் இணைப்புக்கு ஆகும் செலவைக் குறைக்காமல் இந்தியாவில் தொலைபேசியும் இணையமும் பரவாது என்று விடாமல் வாதாடியது. கம்பியில்லா வழிக்கு அவர்கள் கோர்டெக்ட் செய்தார்கள். கம்பி வழிக்கு, அந்தக் குழுவிலிருந்து கிளைத்த பான்யன் நெட்வொர்க்ஸ் நிறுவனம் 'டயஸ்' என்ற கருவியை உருவாக்கியது. ஒரே ஜோடிக் கம்பியில் தொலைபேசியும் இணையமும். விநாடிக்கு 144 கிலோபிட் வரை வரும்; ரிசீவரை எடுத்தால் அதில் 64 பேச்சுக்குப் போய்விடும், வைத்ததும் திரும்பி வந்துவிடும். டயல்-அப் மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தக் கீச்சொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள். 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டபோது டெனெட்டின் கோர்டெக்ட்தான் அங்கே போனது. நாடு முழுவதும் பரவியது அவர்களின் கருவி அல்ல. ஆனால் கிராமத்தின் வெயிலையும் வருமானத்தையும் முன்வைத்து ஒரு பெட்டியை வடிவமைக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். என் கணிப்பில், பிற்பாடு இந்தியச் சிற்றூர்களுக்குப் பெட்டி வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளில் பாதி அங்கே எழுந்தவை.

2004 அக்டோபர் 14 அன்று மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. எப்போதும் இணைந்திருப்பது, விநாடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் வேகம் உடையது என்று அது பிராட்பேண்டை வரையறுத்தது. 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்று குறி வைத்தது. அந்த ஆண்டு முடிந்தபோது ஏறத்தாழ பாதிதான் கைக்கு வந்தது. கொள்கை வந்து சரியாக மூன்று மாதம் கழித்து, 2005 ஜனவரி 14-இல், பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கியது. தயாநிதி மாறன் அப்போது தகவல் தொடர்புத் துறை அமைச்சர். அன்று பொங்கல்.

அதற்கு ஏழு ஆண்டு முன்பு இன்னொரு பொங்கல் நாளில், 1998-இல், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியிருந்தார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருவது அதன் பணி. இந்த இரண்டு பொங்கல்களும் சாயர்புரத்தில் சந்திக்கும் இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு தொலைபேசி நிறுவனம் டிஸ்லாம் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கும்? உச்ச வேகம் என்ன என்பதைத்தான் விளம்பரங்கள் பேசும். வாங்குகிறவர்களின் கவலைகள் வேறு.

முதல் கவலை அளவு. பெருநகர எக்ஸ்சேஞ்சுக்கு 480 முனைகள் கொண்ட டிஸ்லாம் வேண்டும். பேரூராட்சிக்கு அதை வைத்தால் முக்கால்வாசி தூங்கும். பி.எஸ்.என்.எல். தன் இரண்டாம் தேசிய இணைய முதுகெலும்புத் திட்டத்தில் 480, 240, 120, 64, 48, 24 என்று முனைகளை இறங்குவரிசையில் வைத்துக்கொண்டது இதனால்தான். இந்தப் பட்டியலில் கடைசியில் இருக்கும் 24-ஐத்தான் நான் மிக முக்கியமான எண்ணாகக் கருதுகிறேன். இருபத்து நான்கு பேர் கேட்டால் போதும், உங்கள் ஊருக்குப் பெட்டி வரும் என்பது அதன் பொருள். 480 மட்டுமே இருந்திருந்தால் பிராட்பேண்ட் தூத்துக்குடியோடு நின்றிருக்கும்.

அடுத்தது அந்தப் பெட்டி பேசும் மொழி. உலகின் முதல் தலைமுறை டிஸ்லாம்கள் ஏ.டி.எம். என்ற முறையில் இயங்கின. பின்னால் இருந்து அவற்றுக்கு ஊட்டும் கருவிகளும் விலை கூடியவை. இந்தியா தாமதமாக இறங்கியதில் ஒரு நன்மை கிடைத்தது. நேரடியாக ஐ.பி. முறை டிஸ்லாம்களோடு தொடங்க முடிந்தது. அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையிலேயே பெட்டிகளைக் கோத்தார்கள். சிறிய டிஸ்லாம்களிலிருந்து கண்ணாடி இழை கிளம்பி ஒரு சுவிட்சுக்கும், அங்கிருந்து பெரிய சுவிட்சுக்கும், அதன் பின் ஒவ்வொரு சந்தாதாரரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விடும் கருவிக்கும் போகும். மோடத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பதிந்துவைத்தோமே, அதைப் படித்தது டிஸ்லாம் அல்ல. ஊருக்கு வெகு தொலைவில் இருந்த அந்தக் கருவி. வீட்டுக்கும் அதற்கும் நடுவே தரவைச் சிந்தாமல், பக்கத்து வீட்டுத் தரவோடு கலக்காமல் சுமந்து போவது டிஸ்லாமின் வேலை.

பிறகு வெயில். மே மாதத்து எக்ஸ்சேஞ்ச் அறையை நினைத்துப் பாருங்கள். கடல் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு; தெற்கே தேரி மணல் தூசி உண்டு. அந்த அறையில் ஏ.சி. நின்றுபோனாலும் ஓட வேண்டும், விசிறி தூசி அடைத்துத் திணறினால் தானே எச்சரிக்கை அனுப்ப வேண்டும்.

மின்சாரம் இன்னும் பெரிய கேள்வி. எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. 2 வோல்ட் பேட்டரிகள் 24 வரிசையாக நிற்கும். கரண்ட் போனாலும் தொலைபேசி உயிரோடு இருப்பது அந்தப் பேட்டரிகளால். டிஸ்லாமும் அதே 48 வோல்ட்டில் ஓடும்படி செய்யப்பட்டது. ஆக, 2012-இல் தமிழகக் கிராமங்கள் நாளில் பெரும்பகுதி இருளில் இருந்தபோதும் எக்ஸ்சேஞ்சுக்குள் டிஸ்லாம் விழித்திருந்தது. ஆனால் வீட்டு மோடத்துக்குக் கரண்ட் வீட்டுச் சுவரிலிருந்துதான் வர வேண்டும். தொலைபேசியை எக்ஸ்சேஞ்ச் தன் கம்பி வழியே ஊட்டி வளர்த்தது. மோடத்தை அப்படி ஊட்ட முடியவில்லை. மின்வெட்டு நேரத்தில் ரிசீவரில் டயல் டோன் கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் மோடம் இருண்டு கிடந்ததன் காரணம் இதுதான்.

பழைய சேவைக்குக் கெடுதல் வரக்கூடாது என்பது இன்னொன்று. குரலையும் தரவையும் பிரிக்க இரு முனைகளிலும் ஸ்ப்ளிட்டர் வைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் பக்கத்து ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. டிஸ்லாம் முற்றிலும் செத்துப்போனாலும் தொலைபேசி ஒலிக்கும். ஆம்புலன்சைக் கூப்பிட ஊரில் அந்த ஒரு தொலைபேசிதான் இருக்கும் என்ற எண்ணத்தோடு செய்த ஏற்பாடு அது. வீட்டுப் பக்கம் நடந்தது வேறு. ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே கம்பியைக் கிளை பிரித்து மாடி அறைக்கு ஒரு பாரலல் போன் வைத்திருப்பார்கள். மாடியில் மணி அடித்தால் கீழே இணையம் அறுந்துவிடும். அந்த மாடிப் போனைக் கழற்றியதும் சரியாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிக்கும் தன்மை தூரத்துச் சோதனை. டிஸ்லாமுக்குள் இருந்தபடியே, எக்ஸ்சேஞ்சில் யாரும் இல்லாத நேரத்திலும், ஒரு ஜோடிக்குள் அலையை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்டுக் கம்பி எவ்வளவு தூரத்தில் அறுந்திருக்கிறது என்று மதிப்பிட முடிந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் அலை எவ்வளவு தேய்கிறது, இரைச்சலுக்கு மேல் எத்தனை டெசிபல் மிச்சம் நிற்கிறது என்பது மாவட்டத் தலைநகரில் ஒரு திரையில் தெரிந்தது. 6 டெசிபலாவது மிச்சம் வைத்துக்கொள் என்பது வழக்கமான கட்டளை. மழை நாளில் அந்த மிச்சம் கரைந்தால் இணைப்பு அறுந்து, மறுபடி கைகுலுக்கி, முன்னைவிடக் குறைந்த வேகத்தில் உட்காரும். எந்தத் தெருவில் எந்தக் கேபிள் நனைந்திருக்கிறது என்று அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டை விட்டு இறங்காமலே சொல்லிவிடலாம்.

ஆனால் சொல்வதோடு சரி. போய்ச் சரிசெய்ய மனிதர் வேண்டும்.

இங்கேதான் கடைமடை வருகிறது. செம்புக் கம்பியில் அலை தூரம் போகப் போகத் தேயும்; அதிர்வெண் கூடக் கூட இன்னும் வேகமாகத் தேயும். எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் 256 வாய்க்காலிலும் ஓடும். மூன்று கிலோமீட்டரில் மேல் வாய்க்கால்கள் வறண்டுவிடும். ஐந்து கிலோமீட்டர் என்றால் அடியில் உள்ள சில வாய்க்கால்களில் கசிவுதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து சராசரியாக மூன்று கிலோமீட்டர் தூரத்தைக் கணக்கில் வைத்தே இந்த வலையைத் திட்டமிட்டார்கள். சென்னையின் தெருக்களில் மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள். சாயர்புரம், ஏரல், சேர்வைக்காரன்மடம், பெருங்குளம் என்று வயலும் பனையும் வாழைத்தோட்டமும் நடுவே விரிந்து ஊர்கள் விலகி விலகி இருக்கும் நாட்டில் மூன்று கிலோமீட்டர் என்பது ஓர் ஊரைத் தாண்டும் முன்பே முடிந்துபோகிற தூரம். ஒரே மாதக் கட்டணம் கட்டினாலும், எக்ஸ்சேஞ்சுக்குப் பின் தெருவில் இருப்பவர் தலைமடை. ஊர் எல்லைக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருப்பவர் கடைமடை.

அதோடு இணைப்புகள். கம்பி ஒரே நீளமாக வருவதில்லை. அங்கங்கே வெட்டி, முறுக்கி, மூடி ஒட்டியிருப்பார்கள். ஈரம் புகாமல் உள்ளே பசை நிரப்பிய ஜெல்லி கேபிள் என்றாலும் ஜாயிண்ட் போட்ட இடம் பலவீனமானது. உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்கும். குரலுக்கு அது தெரியாது; கொஞ்சம் கரகரப்போடு பேச்சு கேட்டுவிடும். ஏ.டி.எஸ்.எல். அலைக்கு அந்தப் பச்சை ஒரு சுவர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பள்ளங்களை நிரப்பும்போது பழைய ஜாயிண்டுகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். உலகின் மிகச் சிறந்த டிஸ்லாமை வைத்திருந்தாலும், முழங்கால் நீரில் குழிக்குள் இறங்கி, நூறு ஜோடிகளை நிறம் பார்த்துப் பிரித்து, கெட்டதை வெட்டி நல்லதை முறுக்கும் லைன்மேன் இல்லையென்றால் வேகம் இல்லை. இந்த வரலாற்றில் லெக்லைடருக்கும் சியோஃபிக்கும் கொடுத்த அதே அளவு இடத்தை லைன்மேன்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் கைபட்ட ஜாயிண்டில்தான் அந்த 256 வாய்க்கால்களும் ஓடின.

நிலத்தில் இப்படித் தவித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் கடலுக்கடியில் வேறொன்று நடந்தது. 2006-இல் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே கண்ணாடி இழைக் கேபிள் ஒன்றைப் போட்டன. 'பாரத் லங்கா' என்று பெயர். 300 கி.மீ.க்கும் மேல் நீளம். தொடக்கத் திறனே விநாடிக்கு 40 கிகாபிட். 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோன மன்னார் வளைகுடாக் கடல் வழியே ஒளி போகத் தொடங்கியது. அந்தக் கேபிள் கரையேறிய நகரத்திலிருந்து சாயர்புரம் இருபது கி.மீ. தூரம்கூட இல்லை. ஒரு முனையில் நாடுகளை இணைக்கும் 40 கிகாபிட். மறுமுனையில் தோட்டத்து வீட்டின் 256 கிலோபிட். வாய்க்காலின் தலைப்பில் வெள்ளம் வந்து நின்றாலும் கடைசி மூன்று கிலோமீட்டர்ச் செம்பே எவ்வளவு இறங்கும் என்பதை முடிவு செய்தது.

அரசும் இதை உணர்ந்திருந்தது. 2009 ஜனவரி 20-இல், அனைவருக்கும் தொலைத்தொடர்பு சேர்ப்பதற்கான நிதியத்திலிருந்து பணம் கொடுத்து, ஊரக எக்ஸ்சேஞ்சுகளிலும் டிஸ்லாம் வைக்கும் ஒப்பந்தம் பி.எஸ்.என்.எல்.லுடன் கையெழுத்தானது. ஐந்து ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள், ஒவ்வொன்றும் குறைந்தது 512 கிலோபிட். ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்சேஞ்ச் அறை, ஏற்கெனவே இருக்கும் பேட்டரி, ஏற்கெனவே புதைத்த செம்பு. புதிதாகப் பெட்டி மட்டும். கிராமத்துக்கு இணையம் கொண்டுபோக அன்றைக்கு இருந்த வழிகளில் இதைவிடச் சிக்கனமானது இல்லை.

அந்த வேகத்தை மக்கள் எப்படிச் செலவழித்தார்கள் என்று பார்த்தால் மனம் நெகிழும். அப்போதைய திட்டங்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று தரவுக்கு அளவு உண்டு. பி.எஸ்.என்.எல்.லின் 500 ரூபாய்த் திட்டத்தில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்த மாணவர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தார்கள். பிளஸ் டூ முடிவு நாளில் பிரவுசிங் சென்டர் வாசலில் காத்துக் கிடந்த கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்து, இணைப்பு இருந்த வீட்டின் திண்ணைக்கு வந்தது. ஒரு மோடம் ஒரு தெருவுக்கே மதிப்பெண் சொல்லியது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் தகப்பன் முகத்தைக் கட்டம் கட்டமாகத் தெறிக்கும் படத்தில் பார்த்த குழந்தைகள் இப்போது கல்லூரி முடித்திருப்பார்கள்.

இப்போது அந்த இரண்டு பொங்கல்களுக்கு வருகிறேன். வணிகர் சாமுவேல் சாயரின் பெயரால் அமைந்த சாயர்புரத்துக்கு 1842-இல் ஜி.யு. போப் வந்தார். வயது 22. இங்கே பள்ளியும் குருத்துவக் கல்லூரியும் நடத்தினார். தமிழ் அவருக்குள் வேர்விட்டது இந்த மண்ணில்தான். கடிதம் ஒன்று இங்கிலாந்துக்குப் போய் விடை வர மாதக்கணக்கில் ஆன காலம். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபடி 1886-இல் திருக்குறள் மொழிபெயர்ப்பையும் 1900-இல் திருவாசக மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1962 முதல் சாயர்புரத்தில் இருக்கிறது. போப்பின் குறள் மொழிபெயர்ப்பு மதுரைத் திட்டத்தின் மின்நூல்களில் ஒன்று. டிஸ்லாம் வந்த எந்தச் சிற்றூரிலும் செம்புக் கம்பி வழியே அதை நிமிடக் கணக்கில் இறக்கிக்கொள்ள முடிந்தது. சாயர்புரத்தில் தமிழ் படித்தவரின் உழைப்பு சாயர்புரத்தின் வீட்டுத் திரைக்கே திரும்பி வரும் வழி அப்படித் திறந்தது.

செம்பின் காலம் நீளவில்லை. 2013-இல் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 512 கிலோபிட் ஆனது. 2023-இல் 2 மெகாபிட். சாலை அகலப்படுத்தத் தோண்டியவர்கள் கேபிளை வெட்டினார்கள். செம்பின் விலைக்காகத் திருடர்கள் வெட்டினார்கள். 2016-இல் கைபேசியில் 4ஜி மலிவாகக் கொட்டத் தொடங்கியபின் வீட்டுக் கம்பியை ஒவ்வொருவராக ஒப்படைத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் 78,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். குழிக்குள் இறங்கி நிறம் பார்த்து ஜோடி பிரிக்கத் தெரிந்தவர்கள் பலர் அன்று வீட்டுக்குப் போனார்கள். இன்று வீட்டு வாசல் வரை கண்ணாடி இழை வருகிறது. ஒளிக்குக் கிராஸ் டாக் இல்லை, பச்சை பூப்பதில்லை, மூன்று கிலோமீட்டர் எல்லை இல்லை.

தூத்துக்குடிக் கரையின் வரலாற்றில் முத்துக்கும் துறைமுகத்துக்கும் வ.உ.சி.யின் கப்பலுக்கும் நூல்கள் இருக்கின்றன. செம்புக் கம்பிக்கு இல்லை. அதை அறிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற லைன்மேன், கேபிள் ஜாயிண்டர், எக்ஸ்சேஞ்ச் ஊழியர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்தப் பில்லரிலிருந்து எந்த ஊருக்குக் கம்பி போனது, எந்த மழையில் எந்த ஜாயிண்ட் போனது, முதல் டிஸ்லாம் பெட்டியை இறக்கியபோது அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பரணில் பழைய மோடமும் ஸ்ப்ளிட்டரும் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

(தொடரும்)